கமலவேணியைச் சுமந்தவள்

அம்சத்துக்கு உட்கார்ந்து படம் போட வராது. தஞ்சாவூரில் ஜெகபர் அலியின் பதிப்பகம் இருந்த மாடி அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவளுடைய பையும் குடையும்தான் இருக்கும். மேசைக்கு முன்னால் நின்றபடி நாலு கோடு இழுப்பாள், ஜன்னல் வரை போவாள், கீழே பஸ் நிலையத்துக்குள் திரும்பும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள், திரும்பி வந்து முன்பு இழுத்த கோட்டை அழிப்பாள்.

குடவாசலுக்குத் தெற்கே நடுவாய்க்கால் அவளுடைய ஊர். பண்ணை வேலை செய்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா தங்கம்மாளும் அண்ணி வேம்புவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனார்கள். அண்ணன் காத்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர். அம்சம் அரசு விடுதியில் தங்கிப் படித்து, டிராயிங் ஹையர் பரீட்சை தேறி, ஓவிய ஆசிரியை வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். வேலை வருகிறவரை ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஜெகபர் அலியிடம் வந்தவள், அவர் மாதந்தோறும் போட்ட மர்ம நாவல்களுக்கு அட்டை வரைந்தாள்.

தஞ்சாவூரில் அவள் நிலையாக ஒரு வீட்டில் இருந்ததில்லை. வாடகைக்குக் கேட்டுப் போனால் எந்த ஊர் என்பார்கள். சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். சில வீட்டில் வாசலோடு முடிந்துவிடும். சில வீட்டில் ஒரு மாதம் கழித்து, சொந்தக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று காரணம் சொல்லிக் காலி செய்யச் சொல்வார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், வண்ணப் புட்டிகள் வைத்த மரப்பெட்டி. அவற்றை முழுசாகப் பிரித்து வைப்பதையே அவள் விட்டிருந்தாள்.

ஜெகபர் அலி நாவல் எதையும் அவளிடம் படிக்கக் கொடுப்பதில்லை. கதையை ரெண்டு வரியில் சொல்வார். "பணக்காரன் பொண்ணு, கார் டிரைவர் மேல சந்தேகம், கடைசியில சித்தப்பாதான் கொலைகாரன். போதுமாம்மா?" என்பார். அவளுக்கும் போதும். பயந்து ஓடும் ஒரு பெண், பின்னால் கையுறை போட்ட ஒரு கை, கையில் துப்பாக்கி. மஞ்சள் கூடுதலாக, சிவப்பு அதைவிடக் கூடுதலாக. கடையில் கயிற்றில் தொங்கும்போது பஸ் ஜன்னலில் இருக்கிறவன் கண்ணுக்குப் பட வேண்டும், அவ்வளவுதான்.

எழுபதாம் வருஷம் ஆவணிக் கடைசியில் அவர் ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அட்டையே இல்லை. முதல் தாளில் 'வடவாற்று மாளிகை' என்று இருந்தது. கும்பகோணத்து வக்கீல் ஒருவர் அறுபது வருஷத்துக்கு முன்பு எழுதியது. கல்லூரியில் பாடமாக வைத்திருக்கிறார்கள், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் புகழ்ந்திருக்கிறார்கள், ஆனால் கடையில் கிடைக்காது.

"மலிவுப் பதிப்பு போடப்போறேன்" என்றார் ஜெகபர் அலி. "ஆனா அட்டை நம்ம அட்டைதான். மாளிகை, மின்னல், நனைஞ்ச புடவையில ஒரு பொண்ணு, கையில துப்பாக்கி."

"கதை என்னங்க பாய்?"

அவர் தாளைப் புரட்டினார். "பத்துப் பக்கம் படிச்சேன். ஒரு வாக்கியம் ஒரு முழ நீளம் போவுது. நீயே படிச்சுப் பாரு."

அப்படித்தான் அவள் முதல் தடவையாக, அட்டை போடப்போகும் புத்தகத்தைப் படித்தாள். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஆரம்பித்தாள். குடவாசலில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தாள்.

கமலவேணி ஒரு மிராசுதாரின் மகள். தகப்பன் இறந்ததும் சொத்துக்காகப் பங்காளிகள் அவளைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். வடவாறு உடைப்பெடுத்த நாளில் மாளிகையிலிருந்து தப்பி ஓடுகிறாள். கதையின் உச்சமே அந்தப் பக்கம்தான். அதில் ஒரு வரி: 'தன் முதுகிலே எஜமானியைச் சுமந்து அக்கரை சேர்ப்பித்த வேலைக்காரி வெள்ளத்தோடு போனாள்.' அதற்கு அடுத்த வரியிலிருந்து, கரையில் நின்ற கமலவேணியின் நனைந்த பட்டுச் சேலையையும் கூந்தலையும் ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தார் வக்கீல்.

அம்சம் முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். அந்த வேலைக்காரிக்குப் பெயர் இல்லை. அதற்கு முன்னால் அவள் வந்ததும் இல்லை.

தஞ்சாவூருக்குத் திரும்பியதும் கேட்டாள். "பாய், இந்தக் கதையில துப்பாக்கியே இல்லீங்களே."

"அட்டையில இருக்கட்டும்மா. உள்ள எங்க வருதுன்னு தேடிக்கிட்டே முழுசாப் படிச்சிடுவான்."

அவர் கேட்டபடி துப்பாக்கியோடு ஒன்று வரைந்தாள். பிடிக்கவில்லை. இன்னொன்று வரைந்தாள். மாளிகையைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். கமலவேணியின் முகம் போன மாதத்துப் பணக்காரன் பெண்ணின் முகமாகவே வந்தது. நாலைந்து நாளாக ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்ததைப் பார்த்த ஜெகபர் அலி, "நீ ஊருக்குப் போயிட்டு வாம்மா. எனக்கே தலை சுத்துது" என்றார்.

ஊரில் அவளைவிட ஊரே நிலைகொள்ளாமல் இருந்தது. குறுவை அறுப்புக்கு வந்துவிட்டது. கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அறுவாள் எடுப்போம் என்று சங்கம் நின்றது. பேச்சு வார்த்தை ஒத்துவரவில்லை. மிராசுதார் துரைராசு வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவர, வரப்பில் சிவப்புக் கொடி நட்டு மறித்தார்கள். கைகலப்பானது. காத்தானையும் இன்னும் சிலரையும் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் மன்னார்குடி கோர்ட்டில் நிறுத்தி ரிமாண்டில் வைத்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து நிற்கக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். கதிர் சாய்ந்து கிடந்தது. அறுக்க வேண்டிய கைகள் எல்லாம் சும்மா இருந்தன. தங்கம்மாள் காலையில் அறுவாளை எடுத்துத் தீட்டிவிட்டுத் திரும்பவும் கூரையில் செருகினாள். மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "உனக்கு எப்ப வேலை போட்டு வரும்?"

அம்சத்துக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. வரைந்த தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். பெண்கள் அங்கங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடியது. ஒருத்தியை முதுகில் தூக்கிக்கொண்டு இந்தத் தண்ணீரில் இறங்கினால் எப்படி இருக்கும்? தலை எங்கே இருக்கும், கை எதைப் பிடிக்கும்? அவளால் மனசுக்குள் பார்க்க முடியவில்லை.

"அண்ணி, என் முதுகுல ஏறுங்க" என்றாள்.

வேம்பு துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். புருஷன் ஜெயிலில் இருந்த அந்த வாரத்தில் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. "என்னாத்துக்கு?"

"ஒரு படத்துக்கு. அக்கரைக்குத் தூக்கிட்டுப் போவணும்."

"நீ என்னைத் தூக்குவியா? நான் ஒன்னத் தூக்கறேன், வா."

அவள் குனிந்து அம்சத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். நடுவில் போனதும் தண்ணீர் இழுத்தது. வேம்பு மூச்சை இழுத்துக் கழுத்தை முன்னால் நீட்டி, கால் விரலால் சேற்றைத் தடவித் தடவி நடந்தாள். மேலே இருந்த அம்சத்துக்கு ஆகாயமும் அக்கரையும் மட்டும் தெரிந்தன. கீழே இருப்பவளின் முகம் தெரியவில்லை. கரையிலிருந்த பெண்கள் துணியைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வேம்புவே சிரித்துவிட்டாள், சிரிப்பில் கால் வழுக்கி ரெண்டு பேரும் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் சாலையில் போன போலீஸ் வேன் நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் கரைமேல் நின்று, "என்ன கூட்டம் இங்க?" என்றார். பெண்கள் கலைந்தார்கள். அம்சத்தின் தாள் சுருள் துவைகல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பிரித்தார். நனைந்த புடவையில் ஒரு பெண், கையில் துப்பாக்கி, பின்னால் ஒரு பெரிய வீடு.

"யாரு போட்டது இது?"

"நான்தாங்க."

"உன் பேரு?"

சொன்னாள். "காத்தான் தங்கச்சி" என்று பின்னாலிருந்த ஏட்டு எடுத்துக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். வீட்டின் மேல் விரலை வைத்து, "இது துரைராசு வீடா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. வடவாற்று மாளிகை. கதையில வர்ற வீடு."

"துப்பாக்கி எங்க இருக்கு?"

"படத்துல மட்டுந்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளையும் வேம்புவையும் ஈரப் புடவையோடு வேனில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அம்சம் உட்கார்ந்தாள், எழுந்தாள். "உக்காரு" என்றார் ஏட்டு. உட்கார்ந்தாள். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. வேம்பு அவள் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். கிளைச் செயலாளரின் தங்கை, துப்பாக்கியோடு ஒரு படம், மிராசுதார் வீடு மாதிரி ஒரு வீடு. இதை வைத்து இவர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது அம்சத்துக்குப் புரிந்தது. அண்ணன் கேஸில் இதையும் சேர்த்தால் அவனுக்கு ஜாமீன் கிடைக்காது. தன்னுடைய வேலையும் அதோடு போய்விடும்.

"யாரு வரையச் சொன்னாங்களோ அவங்களைக் கேட்டுப் பாருங்க ஐயா" என்று பதிப்பகத்துக்குக் கீழே இருந்த மருந்துக் கடையின் போன் நம்பரைச் சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் பேசினார். சாயங்காலம் ஜெகபர் அலி ஒரு துணிப்பையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வணக்கம் வைத்துவிட்டு, பையிலிருந்த நாவல்களை ஒவ்வொன்றாக மேசை மேல் பரப்பினார். எல்லா அட்டையிலும் ஒரு பெண் இருந்தாள். எல்லா அட்டையிலும் ஒரு துப்பாக்கி இருந்தது.

"எல்லாம் இந்தப் பொண்ணு போட்டதுங்க" என்றார். "இதுவும் அட்டைக்குத்தான். பழைய நாவல். காலேஜுல பாடம் வச்சிருக்காங்க."

"பாடப் புத்தகத்துல எதுக்குய்யா துப்பாக்கி?"

"விக்கணுமுங்களே" என்றார் ஜெகபர் அலி.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நாவலை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு வேறொன்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்களைப் போகச் சொன்னார். துப்பாக்கிப் படத்தைத் திருப்பித் தரவில்லை. ரெண்டு நாவலையும் தரவில்லை.

ஜெகபர் அலி தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நின்றார். வந்ததும் படியில் கால் வைத்தபடி, "துப்பாக்கி வேணாம்மா. இந்த அட்டையில வேணாம்" என்றார்.

அதைத்தான் அவளும் சொல்ல இருந்தாள். மறுநாள் காலை வீட்டு வாசலில் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துப் படத்தை ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள். மேலே மஞ்சள் வானம், மூலையில் மின்னலடிக்கும் மாளிகை. நடுவில் கமலவேணி, கூந்தல் காற்றில் பறக்க, ரெண்டு கையாலும் ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே, படத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, கழுத்துவரை வெள்ளத்தில் அந்த வேலைக்காரி. கழுத்தை முன்னால் நீட்டி, பார்க்கிறவனை நேராகப் பார்த்தபடி வருகிறாள். வேம்புவின் மூக்குத்தி, வேம்புவின் நெற்றி. கண்ணில் மட்டும் வேம்புவிடம் இல்லாத ஒரு கோபத்தை வைத்திருந்தாள்.

ஜெகபர் அலி படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அச்சுக்குச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார்.

ஐப்பசியில் காத்தானின் வாய்தாவுக்காக அம்சம் மன்னார்குடி போனாள். கலெக்டர் முன்னிலையில் பேசிக் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். கேட்டதில் பாதிகூட இல்லை. நெல் உதிர்ந்ததுபோக மிச்சத்தை அறுத்தார்கள். அன்றைக்குக் காத்தானுக்கு ஜாமீன் கிடைத்தது. அவனையும் வேம்புவையும் ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோதுதான் கடையில் தொங்கிய புத்தகத்தைப் பார்த்தாள்.

மஞ்சள் வானம் இருந்தது. மின்னல் இருந்தது. கமலவேணி இருந்தாள். அவளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வேலைக்காரி இருந்த இடம் முழுக்க நீலத்தைப் பூசி அலை அலையாக வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். கமலவேணி தண்ணீருக்கு மேலே முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்து, ரெண்டு கையாலும் வெறும் காற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கதைங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"பேய்க் கதைம்மா. மோகினி. நல்லாப் போவுது."

அவள் தஞ்சாவூருக்குப் போய் மாடி ஏறும்போது ஜெகபர் அலி புத்தகச் சிப்பம் கட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உக்காரும்மா."

அவள் பையையும் குடையையும் நாற்காலியில் வைத்தாள். "ஏன் பாய் அழிச்சீங்க?"

"உன்னை அங்க ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்களே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பொம்பளை பாக்கற பார்வை இருக்கே. கடைக்காரன் கேப்பான், போலீஸ்காரன் கேப்பான், யாரு இவ, என்ன கட்சின்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"கதையில இருக்கான்னு சொல்லுங்க."

"எங்க இருக்கா?"

அவர் உண்மையாகவே கேட்டார். அதற்குமேல் அவளால் சண்டை போட முடியவில்லை. நாற்காலியிலிருந்த பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பிறகு கொஞ்ச நாள் சங்கத்துக்குச் சுவரில் எழுதினாள். அவர்களும் ஒரு படம் கேட்டார்கள். உயர்த்திய கையோடு ஓர் ஆண், அவனுக்குப் பின்னால் ஒரு பெண். பெண்ணை முன்னால் வரைந்தாள். தோழர்கள் ஒரு மணி நேரம் விவாதம் செய்தார்கள். அவள் வாளியில் பிரஷைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். கும்பகோணத்தில் ஒரு காலண்டர் கம்பெனி, திருவாரூரில் தட்டிபோர்டு எழுதும் ஒரு கடை என்று அலைந்தாள். எழுபத்து நான்கில் வேதாரண்யத்தில் ஓவிய ஆசிரியையாக வேலை வந்தது. தங்கம்மாள் கேட்டுக்கொண்டே இருந்த வேலை. உப்பளத்துக்குப் போகும் சாலையில் வீடு கிடைத்தது. வீட்டுக்காரி பூவம்மாள் உப்பளத்தில் வேலை செய்பவள், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அங்கேயும் அம்சத்துக்கு ராத்திரியில் பாதித் தூக்கம்தான். எதற்கென்று அவளுக்கே சொல்லத் தெரியாது. புயல் வந்து ஓடு பறந்தபோது, பெட்டியை முழுசாகப் பிரிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று பூவம்மாள்தான் சொன்னாள்.

புயலுக்கு அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை ஜெகபர் அலி நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஊன்றுகோல். மாடிப்படியில் விழுந்து கால் உடைந்து மூன்று மாதம் படுத்திருந்தாராம்.

"படுத்துக்கிட்டு என்ன செய்யறது? அந்தப் புஸ்தகத்தைப் படிச்சேன்" என்றார். "நாலு பதிப்பு போட்டுட்டேன், அப்பத்தான் படிச்சேன். அந்த ஒரு வரியில வந்து நின்னுட்டேம்மா. ஒரு பேருகூட வைக்கலியே அந்த ஆளு."

அம்சம் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அஞ்சாம் பதிப்பு வருது. அந்தப் பழைய படம் சிவகாசியிலேயே போயிடுச்சு. அதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடு. ஒரு கோடு நான் தொடமாட்டேன்."

"அதே மாதிரி வராதுங்க பாய்."

"கோவமா இன்னும்?"

"கோவம் இல்லீங்க. அப்ப அவளைத் தண்ணிக்குள்ள வச்சுப் போட்டேன். இப்பவும் அப்படியே போட்டா, அவ வெள்ளத்தோட போயிடுவான்னுதான் எனக்குத் தோணுது."

அன்று பகல் முழுக்க அவர் பூவம்மாளின் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அம்சம் உள்ளே நடந்து நடந்து வரைந்தாள். சாயங்காலம் கொண்டுவந்து காட்டினாள். அதே மஞ்சள், அதே மின்னல். தூரத்தில் சின்னதாக மாளிகையும், கரையில் நின்று கையை நீட்டி யாரையோ கூப்பிடும் கமலவேணியும். முன்னால், படம் முழுக்க, ஆற்றோட்டத்தில் எங்கோ கீழே வேறொரு கரையில் ஏறி நிற்கும் அந்த வேலைக்காரி. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெகபர் அலி நெடுநேரம் பார்த்தார். "கதையில அவ செத்துடறாளேம்மா."

"வெள்ளத்தோட போனான்னுதாங்க எழுதியிருக்கு. செத்தான்னு எழுதல."

அவர் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார். பிறகு படத்தைச் சுருட்டாமல், கசங்காமல், அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

ஐந்தாம் பதிப்பு முந்தியதுபோல் ஓடவில்லை. மோகினியைக் கேட்டு வந்தவர்கள் இதுவா அது என்று கீழே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பேராசிரியர் பத்திரிகையில் எழுதினார், அட்டை நாவலைத் திரித்துவிட்டது என்று. ஜெகபர் அலி அந்தப் பக்கத்தை வெட்டிப் பதிப்பகச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அம்சம் ஒரு பிரதியை நடுவாய்க்காலுக்குக் கொண்டுபோய் வேம்புவிடம் கொடுத்தாள். வேம்புவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்திலிருந்த மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கரை ஏறிட்டா" என்றாள். "அப்புறம் எங்க போவா? திரும்பி அந்த வீட்டுக்கேவா?"

"தெரியல அண்ணி" என்றாள் அம்சம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எழுந்து வாய்க்கால் பக்கமாக நடந்தாள். வேம்பு புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே போனாள்.